ஹமீது நானாவும் கடைசி இடத்துப் பொன்னுத்துரையும்

ஹமீது நானா காலமான செய்தி வந்தபோது நான் மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் மேப்பிள் இலைகளை வாரிக்கொண்டு நின்றேன். வாசலில் இருப்பது ஒற்றை மரம். ஆனால் கனடா தேசத்தில் உதிரும் இலைகளில் பாதி என் வாசலில்தான் விழுகிறது என்று நானாவிடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன். "மற்றப் பாதி என்ர பல்கனியில ஐசே" என்பார் அவர். எந்த மரமும் எட்டாத மாடியில் குடியிருந்த மனிதர். கைத்தொலைபேசி அடித்தது. அவருடைய மகள் ஸஹ்ரா.

"அங்கிள், வாப்பா மௌத்தாயிட்டார். சுபஹு தொழுதிட்டு கதிரையில இருந்தவர். உம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்க, அப்பிடியே இருந்தார்."

"ஓம் பிள்ளை."

"மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வருவீங்கள்தானே?"

"ஓம்" என்றேன். பிறகு மிச்ச இலைகளையும் வாரிப் பைகளில் அடைத்து, வாயைக் கட்டி, வீதியோரம் வரிசையாக வைத்தேன். ஒரு பை சரிந்தது. அதையும் நிமிர்த்தி வைத்தேன். அதன் பிறகே உள்ளே போய் என் மனைவி பரமேசிடம் சொன்னேன். அவள் அழுதாள். நான் கையைக் கழுவினேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை அறிந்தவர்கள். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்டில் அவரோடு நின்றவர்கள், பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், பஸ்ஸில் அவர் இடம் கொடுத்து அமர்ந்தவர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு ஹமீது நானா இருந்தார். அவர் வட அமெரிக்காக் கண்டத்தின் தலைசிறந்த கோல்ஃப் நிபுணர். இரண்டாவது நிபுணர் நான். மூன்றாவது ஆளை அந்தக் கண்டம் இன்னும் பெற்றெடுக்கவில்லை. எங்கள் இருவரில் ஒருவரும் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை.

எல்லாம் இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில் தொடங்கியது. கேபிள் கொம்பனிக்காரன் நான் கேட்காமலே ஒரு விளையாட்டுச் சனலைத் திறந்துவிட்டிருந்தான். வெளியே பனி, யன்னல் கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு. உள்ளே திரையில் ஒரே பச்சை. ஐரோப்பியத் தொழில்முறைக் கோல்ஃப்காரர்கள் வாரத்துக்கு ஒரு நாடாகப் போய், வியாழன் தொடங்கி ஞாயிறு வரை ஆடுகிறார்கள். அங்கே மத்தியானம் என்றால் எங்களுக்குக் காலை. பின்னேர ஷிப்டுக்குப் போகிற இரண்டு மனிதர்களுக்கென்றே ஆண்டவன் வகுத்த நேரம். நானா மூன்று பஸ் தரிப்பு நடந்து வருவார். சப்பாத்தைக் கழற்றி, தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, சோபாவின் இடது மூலையில் அமர்வார். அந்த மூலையில் வேறு யாரும் இருந்தால் என் வீடு ஒரு பக்கம் சரிந்துவிடும்.

நாங்கள் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். கூடிய எண் எடுத்தவன் வென்றவன். இதில் என்ன சந்தேகம்? ஆகவே திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலில் மிகப் பெரிய எண் எவனுக்கு இருந்ததோ அவனையே எங்கள் ஆளாக வரித்துக்கொண்டோம். நெடுத்த வடநாட்டுக்காரன். பெயர் முழுக்க மெய்யெழுத்து. உச்சரித்தால் பல் கழன்றுவிடும். யாழ்ப்பாணத்தில் தன் இரும்புக்கடைக்கு எதிரே சைக்கிள் திருத்திய பொன்னுத்துரையின் சாயல் இவனிடம் அப்படியே இருக்கிறது என்றார் நானா. அன்று முதல் அவன் பொன்னுத்துரை.

"முன்னுக்கு நிக்கிறவனுக்கு மைனஸ் பத்தாம் நானா."

"பாவம். பெயில். எங்கட பொன்னுத்துரை பிளஸ் ஒம்பது."

"அவனை ஆர் பிடிக்கிறது!"

சனிக்கிழமைகளில் பொன்னுத்துரையைக் காணவில்லை. முதல் வாரம் கவலைப்பட்டோம். நானாதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "இவ்வளவு எடுத்தவனுக்கு இனி ஏன் ஆட்டம்? லீவு குடுத்திருப்பாங்கள்." எங்கள் சூப்பர்வைசருக்கும் சனி ஞாயிறு லீவு என்பதால் அது எனக்கு நியாயமாகவே பட்டது. மூன்று நாடுகளில் பொன்னுத்துரை வெற்றிவாகை சூடினான். மூன்று தரமும் பரமேஸ் எங்களுக்கு வடை சுட்டாள்.

கடைசியில் அந்தச் சூப்பர்வைசரே எங்களைக் கெடுத்தான். ஓய்வு நேரத்தில் நானா அவனிடம் எங்கள் ஆளின் கீர்த்தியைச் சொல்ல, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோல்ஃபில் குறைய அடிப்பவன்தான் வெல்லுவானாம். வெள்ளிக்கிழமையோடு பின்னால் நிற்கிற பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பொன்னுத்துரைக்குக் கிடைத்தது லீவு அல்ல.

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன், "நானா, நாளைக்கு வேற ஒருத்தனைப் பிடிப்பம்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "தோக்கிறான் எண்டு தெரிஞ்ச பிறகு ஆளை மாத்திறது வடிவில்லை ஐசே."

அதே தை மாதத்தில்தான் என் தம்பி குணம் வன்னியிலிருந்து கடைசியாகக் கதைத்தான். இடம் மாறப் போவதாகச் சொன்னான். பின்னால் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. மனைவி வசந்தியும் மகளும் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னான். லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. உங்களில் எத்தனை வீடுகளில் அப்படி ஒரு தொலைபேசி மேசையில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். மாசி, பங்குனி, சித்திரை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி டவுண்ரவுனில் வீதியோரம் நின்றோம், பதாகை பிடித்தோம். திரும்பி வந்தோம். கடையில், பஸ்ஸில், கோயிலில் காண்கிற எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "தம்பியின்ர செய்தி ஏதும்?" அன்பில்தான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

நானா கேட்கவில்லை. வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், மூலையில் இருந்தார். போர்த்துக்கல்லில் காற்று, ஸ்பெயினில் வெயில், பொன்னுத்துரை தண்ணிக்குள், பொன்னுத்துரை பற்றைக்குள். கோல்ஃபில் வர்ணனையாளர்களே இரகசியம்போலத்தான் பேசுவார்கள். நானா அதைச் சட்டமாக்கியிருந்தார். ஒருவன் குழிக்குப் பக்கத்தில் குனிந்து பந்தை உருட்டப் போகும்போது என் வீட்டில் எவரும் வாய் திறக்கக்கூடாது. கேத்தில் கூவினால் ஓடிப்போய் நிறுத்துவார். தொழுகைக்கும் கோல்ஃபுக்கும் மட்டுமே அவ்வளவு அமைதி கொடுத்த மனிதர்.

ஒருநாள் எங்கள் தெருவில் இருக்கிற ஒருவர், பெயர் வேண்டாம், வாசலில் நின்றே கத்தினார். "அங்கை சனம் சாகுது. உங்களுக்கு இஞ்சை கோல்ஃப் கேக்குதோ?" நானா எழும்பிப் போய், "உள்ளுக்கு வாங்கோ, நீங்களும் இருங்கோ" என்றார். வந்தவர் போய்விட்டார்.

பரமேசுக்கு வேறொரு கேள்வி மனதில் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, நானாவும் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். போகச் சொன்னது ஆயுதம் ஏந்திய தமிழர்கள். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஸஹ்ராதான் ஒருமுறை சொன்னாள். சித்திரையில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையை அவரிடம் நீட்டியபடி பரமேஸ் கேட்டுவிட்டாள்.

"நானா, எங்கட ஆக்கள் உங்களுக்குச் செய்ததுக்கு, நீங்கள் ஏன் எங்கட வீட்டில வந்து இருக்கிறியள்?"

நானா திரையைக் காட்டினார். யாரோ ஒருவன் பந்தின் மேல் குனிந்துகொண்டு நின்றான். "தங்கச்சி, அவன் அடிக்கப் போறான். கொஞ்சம் பொறுங்கோ" என்று இரகசியக் குரலில் சொன்னார். அவள் பொறுத்தாள். பந்து உருண்டு போனது. கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. அந்த ஞாயிறு அயர்லாந்தில் மழைக்குள் ஆடினார்கள். மறுநாள் விக்ரோறியா டே, தொழிற்சாலை பூட்டு. திங்கட்கிழமைகளில் கோல்ஃப் இல்லை. இருந்தும் நானா வந்தார். தொலைக்காட்சியைப் போடவில்லை. மூலையில் இருந்தார். நானும் இருந்தேன். பின்னேரம் பக்கத்துப் பூங்காவில் விடுமுறைக்கு வாணவெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பரமேஸ் காதைப் பொத்தினாள். சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானா எழும்பி யன்னலைச் சாத்தினார்.

எனக்குத் தெரியாமல் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். அவருடைய மனைவியின் தம்பி நிஸார் வவுனியாவில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். யுத்தத்தில் தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவன். அவனிடம் குணத்தின் பெயரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லியிருந்தார்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. பொன்னுத்துரை அந்தப் பருவத்திலேயே நன்றாக ஆடிய நாள். கடைசிக் குழிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். இதை உருட்டிவிட்டால் சனிக்கிழமை ஆடலாம். அப்போது நானா, சட்டம் போட்ட அதே மனிதர், வாயைத் திறந்தார்.

"ஐசே. உம்மட தம்பியின்ர மனுசியும் பிள்ளையும் காம்பில இருக்கினம். நிஸார் கண்டு கதைச்சவன்."

"குணம்?"

"குணம் அவையோட இல்லை."

"எங்கையாம்?"

"கடைசி நேரம் தண்ணி எடுக்கப் போனவராம். அதுக்குப் பிறகு அவை காணேல்லையாம்."

பொன்னுத்துரை பந்தை உருட்டினான். அது வளைந்து போய்க் குழிக்குள் விழுந்தது. ஐரோப்பாவில் யாரோ கை தட்டினார்கள். வேறு நாளாயிருந்தால் எங்கள் கூச்சலில் பக்கத்து ஊரான அஜக்ஸ் வரைக்கும் வீட்டுக் கூரைகள் பறந்திருக்கும். அன்று இரண்டு பேரும் விளம்பரம் முடியும்வரை திரையைப் பார்த்தோம். பிறகு ஷிப்டுக்குப் போனோம். மூடிகள் பெல்ற்றில் வந்துகொண்டே இருந்தன. பழுதானவற்றை எடுத்து வீசினேன்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், எலியைக் கண்டால் யானை என்று சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த ஆனிக்குப் பிறகு எலி எனக்கு எலியாகவே தெரிந்தது. பஸ்ஸில் நானா என்னை இடிப்பார். "ஐசே, ஒரு பொய் சொல்லும்." எனக்கு ஒன்றும் வராது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஒன்று தொடங்குவார். அந்த நேர்மையான மனிதருக்குப் பொய் சொல்லவே தெரியாது.

"வாற வழியில ஒரு முயல் கண்டனான். குதிரையளவு."

"எந்தக் குதிரை?"

"சாதாரணக் குதிரைதான்."

"சாதாரணக் குதிரை எண்டால் அந்த முயலுக்கு ஏதோ வருத்தம் நானா. எங்கட தெரு முயல் எல்லாம் அதைவிடப் பெரிசு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், மருந்து இறங்கிவிட்டது என்று வைத்தியர் ஆட்டுவதுபோல.

இலையுதிர் காலத்தில் பொன்னுத்துரை தன் இடத்தை இழந்தான். வருட முடிவில் பின்னால் நிற்பவர்களுக்கு அடுத்த வருடம் ஆட உரிமை இல்லை. திரும்பவும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். கொஞ்ச வித்தியாசத்தில்தான் அந்த உரிமையைத் தவறவிட்டான். "போய்த் திரும்பவும் சோதினை எடுப்பான்" என்றார் நானா. "விசரன். விடமாட்டான்." அதுதான் கோல்ஃப் பற்றி அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

அடக்கத்துக்குப் போனேன். மயானத்தில் புல்லை ஒட்ட வெட்டி மட்டமாக வைத்திருந்தார்கள். ஆண்கள் வரிசையாகப் போய்க் கையால் மண் போட்டார்கள். நானும் போட்டேன். எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஸஹ்ராவின் கணவர் என் தோளில் கை வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. மண் ஈரமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம்.

அடுத்த கிழமை வசந்தி வவுனியாவிலிருந்து தொலைபேசியில் எடுத்தாள். முகாமிலிருந்து வெளியே விட்டுவிட்டார்களாம், தெரிந்தவர்கள் வீட்டில் மகளோடு இருக்கிறாளாம். பிறகு சொன்னாள், "அத்தான், அந்த நிஸார் எண்டவர் இன்னும் வாறார். ஒவ்வொரு சனியும் ஆஸ்பத்திரி, தடுப்பு முகாம் எண்டு ஒவ்வொரு இடமாப் போய் இவரின்ர பேரைக் கேட்டுப்போட்டு, வந்து எனக்குச் சொல்லுறார். பாவம், இன்னும் எத்தினை நாளைக்கு?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நானாவே இல்லை. யாருக்காக அந்த மனிதன் அலைகிறான்? நன்றி சொல்லி, இனிப் போதும் என்று சொல்வதற்காக நிஸாரை அழைத்தேன். நானாவைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். பிறகு நான் அழைத்த விஷயத்தைச் சொன்னேன்.

அவன் சொன்னான்: "மச்சான் சொன்னவர், ஆள் கிடைக்கும்வரைக்கும் கேள் எண்டு. தான் மௌத்தானாப் பிறகு நிப்பாட்டு எண்டு சொல்லேல்லையே அண்ணை."

போதும் என்ற சொல்லை நான் மறுபடி சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டேன். மன்னார்ப் பக்கம் என்றான்.

ஹமீது நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவும்தான். என்னிடம் ஒருநாளும் கேட்காத அந்தக் கேள்வியை, எனக்காக ஊரெல்லாம் கேட்பதற்கு ஒருவனை ஏவிவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் நிறுத்தப்போவதில்லை.