"வோல்டேஜ் பத்தலக்கா, ஏத்துங்க"

1. சந்தை நாளில் வந்த கேபினெட்

சென்ற வைகாசி. அக்னி நட்சத்திரம் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கால் வைக்க இடமில்லை. அதற்குள் புகுந்து, கம்ப்யூட்டர் கேபினெட்டை இடுப்பில் குடம்போல இடுக்கிக்கொண்டு ஷமீம் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்து, முழுப் படமாக ரெண்டர் போட்டுக் கொடுப்பவர்.

"அண்ணே, ரெண்டர் போட்டா பாதியில நீலமாயி நின்னுடுது. தொண்டூர் நயினார் வீட்டுக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ள திங்கக்கெழம வெளிநாடு கெளம்புறாங்க. அதுக்குள்ள குடுக்கலன்னா அந்தப் பக்கம் இனிமே யாரும் என்னைக் கூப்புட மாட்டாங்க."

மானிட்டரை மாட்டி, பயாஸுக்குள், அதாவது வேகமும் வோல்டேஜும் வைக்கிற செட்டிங் திரைக்குள், போனேன். பிராசசரின் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். ஓவர்க்ளாக் என்பது இதுதான். அளவோடு செய்தால் குற்றமில்லை. ஆனால் பிராசசருக்குப் போகும் கோர் வோல்டேஜ் 1.45 என்று அடித்து நிறுத்தப்பட்டிருந்தது. அந்த மாடல் முழு வேலையில் 1.2 பக்கம் ஓடுவது. பொதுவாக, வேலைக்குத் தகுந்தபடி தானே ஏறி இறங்கும். இங்கே சும்மா இருக்கும்போதும் அதே 1.45.

"யாரும்மா இதை வச்சது?"

"நான்தான்" என்றார் ஷமீம், மிகச் சாதாரணமாக.

2. சொன்னவர் யார்

கம்ப்யூட்டரை அவர் திண்டிவனத்தில் ஒரு ஷோரூமில் வாங்கியிருந்தார். உரிமையாளர் பெயர் சதீஷ். "ஓவர்க்ளாக் பண்ணித் தர்றேன்கா, அடுத்த மாடல் வேகம் இதுலயே கெடைக்கும்" என்று சொல்லி, ஏசி ஹாலில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி விற்றிருக்கிறார். ஷமீமின் எடிட்டிங் அறை கோட்டை மலையடிவாரத்தில், மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. வெயில் தாழ்ந்த பிறகும் பாறை அனலை விட்டுக்கொண்டே இருக்கும் இடம்.

கோடை தொடங்கியதும் கம்ப்யூட்டர் நின்றது. சதீஷுக்கு ஃபோன் போட்டார். "வோல்டேஜ் பத்தலக்கா, ஏத்துங்க" என்றார் அவர். எந்த பட்டனை அழுத்த வேண்டும், எந்த வரியில் என்ன எண்ணை அடிக்க வேண்டும் என்று வீடியோ காலிலேயே சொல்லிக் கொடுத்தார். சில நாள் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி ஃபோன், மறுபடி ஏற்று. இப்படியே 1.45 வரை.

ஷமீம் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நாட்களில் சிங்கவரம் பக்கம் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும். ஃபேன் ஊர்ந்து சுற்றும். உடனே ஸ்டெபிலைசர் குமிழைத் திருகி ஏற்றுவோம். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கருகுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். குறைந்தால் ஆபத்து, ஏற்றினால் சரியாகும் என்பது எங்கள் கைக்கே பழகிப்போனது.

பிராசசரில் அப்படியில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினாலும் சூடு அதைவிட வேகமாக ஏறும். சூட்டால் நிற்கும் கம்ப்யூட்டருக்கு மேலும் வோல்டேஜ் கொடுத்தால் மேலும் சூடாகி, மேலும் சீக்கிரம் நிற்கும். இடையில் உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பித் தடங்கள் தேய்ந்துகொண்டே போகும். தேய்ந்தது திரும்ப வராது. ஷமீமுக்கு இது தெரிய வேண்டியதில்லை. ஓவர்க்ளாக் என்று சொல்லி விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சதீஷுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வாரண்டில வராதுங்க. பயாஸ்ல கஸ்டமரே கை வச்சிருக்காங்க, நான் இன்னா பண்றது?"

ஷமீம் ஃபோனை இழுத்தார். "கை வச்சது நானு. வாய் வச்சது யாரு?"

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. கேம் ஆடுற பசங்க எல்லாம் இந்த வோல்டேஜ்லதான் ஓட்றாங்க."

"அவுங்க ஸ்கோர் எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிட்டுத் தூங்கிடுவாங்க" என்றேன். "இவங்க மணிக்கணக்கா ரெண்டர் போடுறாங்க. சூடு எவ்ளோன்னு ஒரு தடவையாவது கேட்டியா தம்பி?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இத்தனை வருடத்தில் சொத்தை ஸ்பேரை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் செய்த கெடுதலை வாங்கியவர் கையாலேயே செய்யவைத்து, அந்தக் கையையே காரணம் காட்டியவரை அன்றுதான் பார்த்தேன்.

3. இறக்கியது

பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். வேகம், வோல்டேஜ் இரண்டும் கம்பெனி வைத்த அளவு. முழு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டேன். சூடு கட்டுக்குள் இருந்தது, ஆனாலும் நின்றது. ரேம், பவர் சப்ளை இரண்டையும் மாற்றிப் போட்டேன். அப்போதும் நின்றது. பிராசசர்தான். பிறந்தபோது இருந்த வேகத்தை அதனால் இப்போது தாங்க முடியவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கம்பெனி அளவுக்கும் நன்றாகக் கீழே வந்த பிறகே நிலைத்தது.

"அப்போ நான் வாங்குனதவிட ஸ்லோவா?" என்றார் ஷமீம்.

"ஆமாம்மா. ஆனா நிக்காது."

ஞாயிறு மதியம் தொண்டூர் வீடியோ முழுசாக ரெண்டர் ஆகி முடிந்தது. மாலையில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தொண்டூர் வேலை தப்பியது. பிராசசர் போனது போனதுதான்.

4. ஏசி ஹாலில்

செவ்வாய்க்கிழமை மறுபடி கேபினெட்டோடு வந்தார். "அண்ணே, திண்டிவனம் வர்றீங்களா? பேச வேணாம். கூட நின்னா போதும்."

ஷோரூமில் ஒரு குடும்பம் மகனுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தது. ஷமீம் கேபினெட்டை நேராக டெமோ மேசையில் வைத்தார்.

"தம்பி, ஓவர்க்ளாக் வேணாம். கம்பெனி வச்ச வேகம், கம்பெனி வச்ச வோல்டேஜ். உன் கையால வை. உன் ஏசியிலயே ஓட்டிக் காட்டு."

வாடிக்கையாளர்கள் முன்னால் மறுக்க முடியாமல் சதீஷ் வைத்து ஓட்டினார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. திரை நீலமானது.

"அக்கா, உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"இங்கயே பேசு. இங்கதானே வித்த."

அந்தக் குடும்பத்துப் பெரியவர் திரையையும் சதீஷையும் மாறி மாறிப் பார்த்தார். சதீஷ் உள்ளே போய் அதே மாடலில் புதுப் பிராசசரை எடுத்து வந்து மாற்றிக் கொடுத்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்காவுக்காகப் பண்றேன்" என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இது. முதலில் சூட்டைப் பார். ஏசி ஹாலில் அல்ல, கம்ப்யூட்டர் வேலை செய்யப்போகும் அறையில், அந்த வெயிலில் பார். பிறகு வேகத்தைக் கொஞ்சம் ஏற்று. வோல்டேஜைக் கடைசியில் தொடு, மிகச் சின்ன அளவில் தொடு, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் போடு. அந்த மாடலுக்குக் கம்பெனி சொன்ன எல்லையைத் தாண்டாதே. நிலைக்கவில்லை என்றால் வேகத்தை இறக்கு. இறக்குவதில் அவமானம் எதுவுமில்லை.

போன வாரம்கூட மேல்மலையனூர் பக்கமிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். "கம்ப்யூட்டர் நின்னு நின்னு போவுது சார். வோல்டேஜ் எவ்ளோ வைக்கணும், நம்பர் மட்டும் சொல்லுங்க, நான் வச்சிக்கிறேன்."

"நம்பர் ஃபோன்ல சொல்றதில்லைங்க" என்றேன். "கேபினெட்டத் தூக்கிட்டு வாங்க. வச்சா என் கையால வைக்கிறேன்."