கல் உடைந்த இடம்

எனக்கு வயிறு வலிக்க வேண்டிய நேரத்தை அம்மா முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, எழுத்தாளர் பேசி முடித்து, கேள்வி நேரம் தொடங்கும்போது மாமா கையைத் தூக்கினால், உடனே எனக்கு வலிக்க வேண்டும். தூக்காவிட்டால் வலிக்க வேண்டியதில்லை. மாமா கை தூக்காமல் இருக்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளைத் தீயால் அறுக்கும் கேஸ் கட்டிங் வேலையில் இருந்தார். தங்கியது உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு விடுதியில். ஞாயிற்றுக்கிழமையானால் அவருடைய அறை நண்பர்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போவார்கள். மாமா அதற்கு முன்னால் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு கல்லின் எதிரில் நிற்பார்.

அது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் முற்காலத்தில் நின்ற பெரிய பாறையின் ஒரு துண்டு. ஆற்று வாயை அகலமாக்குவதற்காக வெள்ளைக்காரர்கள் பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டில் தேய்ந்துபோன எழுத்துகள் இருக்கின்றன. அவை என்ன மொழி, என்ன சொல்கின்றன என்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. மாமா அதைப் படித்துவிட்டதாக நம்பினார். கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கல்லை வாராவாரம் வரைந்துகொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் அதை விரிப்பார். "முதல்ல சாப்பிடுடா" என்று அம்மா அதை மூடி நாற்காலியில் வைத்துவிடுவார்.

அம்மா வார நாட்களில் கணினி வேலை பார்த்தார். வார இறுதிகளில் ஒரு சிறிய இலக்கியக் குழுவை நடத்தினார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய கூட்டத்தில், மழையைப் பற்றிக் கவிதை படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மாமா கேள்வி கேட்பதாக மைக்கை வாங்கி, கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. கடைசியில் யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள். அது தெரியாமல் மாமா இன்னும் கொஞ்சம் பேசினார். அன்று அம்மா வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இப்போது சென்னையிலிருந்து வருகிற எழுத்தாளரோ பழைய எழுத்தைப் படித்தறிந்த கதையையே ஒரு புத்தகமாக எழுதியவர். மாமா ஒரு மாதமாகத் தூங்கவில்லை. அம்மாவும்தான்.

"வராதேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை" என்றார் அம்மா, என் தலையைப் பின்னிக்கொண்டே. "நீதான் பாத்துக்கணும். பாத்ரூம் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நூறு வரைக்கும் எண்ணு. பத்தலைன்னா இன்னொரு நூறு." அப்பாவுக்கு சாங்கி விமான நிலையத்தில் ஷிஃப்ட் இருந்தது. அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்று இப்போது தோன்றுகிறது.

நூலகத்தின் அரங்கில் மாமா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் நோட்டு. உட்கார்ந்த நொடியிலிருந்து அவருடைய வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை, அதனால் நானும் ஆடினேன். மேடையில் அம்மா செந்தமிழில் வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கண் அவையோர் எல்லாரையும் சுற்றிவிட்டு எங்கள் வரிசைக்குத் திரும்பத் திரும்ப வந்தது. நான் தலையை ஆட்டினேன். அவரும் லேசாக ஆட்டினார்.

எழுத்தாளர் ஒல்லியான பெண்மணி. அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் பேச்சைக் கேட்கக் கூடாது, மாமாவின் கைகளை மட்டுமே கவனிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஓர் இடத்தில் என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். நூற்றுக்கணக்கான வருடங்களாக யாருக்கும் படிக்கத் தெரியாமல் போன ஓர் எழுத்து. ஒரு புத்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த கல்வேலியில் அது துண்டுத் துண்டு வரிகளாக இருந்ததாம். அவற்றின் நகல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பொறி தட்டியது: பல வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிகின்றனவே? கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பொறித்து, கடைசியில் 'தானம்' (அந்த எழுத்தில் 'ம்' வெறும் புள்ளிதான்) என்று எழுதியிருப்பார்களோ? அந்த ஒரு சொல்லைப் பிடித்ததும் மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

"பாத்தியா பாப்பா? பாத்தியா?" என்று மாமா என் முழங்கையை இடித்தார். அவருடைய இரண்டு கால்களும் இப்போது ஆடின. அரங்கின் குளிரில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. அம்மா "கேள்வி" என்ற சொல்லை முடிப்பதற்குள் மாமாவின் கை மேலே இருந்தது. மைக் வரிசை வரிசையாகக் கைமாறி எங்களை நோக்கி வந்தது. அதற்குள் எனக்கு உண்மையாகவே வயிற்றைப் பிசைந்தது. மாமா மைக்கை வாங்கி, எழுந்து, "வணக்கம்" என்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, வயிறு வலிக்குது."

அவர் கொஞ்சம் தயங்குவார், கேள்வியை முடித்துவிட்டு வருகிறேன் என்பார், நான் அழ வேண்டியிருக்கும் என்றெல்லாம் அம்மா சொல்லியிருந்தார். மாமா தயங்கவே இல்லை. மைக்கைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

பெண்கள் கழிவறையில் நான் குழாயடியில் நின்று எண்ணினேன். வெளியிலிருந்து மாமா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். "பாப்பா, சுடுதண்ணி வேணுமா?" "பாப்பா, அம்மாவைக் கூப்பிடவா?" ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது நூறில் இருந்தபோது கதவு திறந்தது. எழுத்தாளர் உள்ளே வந்தார். கூட்டம் முடிந்துவிட்டிருந்தது.

அவர் திரும்பி வந்து கை கழுவும்போதும் நான் அங்கேயே நின்றேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஆமாம் என்று ஆட்டினேன். பிறகு எப்படியென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக நான் இங்கே நிற்கிறேன் என்றும், இன்னும் முப்பத்தெட்டு பாக்கி என்றும்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காகிதத் துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "வா" என்றார்.

வெளியே மாமா வெந்நீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். எழுத்தாளர் நேராக அவரிடம் போய், "நீங்க ஏதோ கேக்கணும்னு எழுந்தீங்களே, என்ன அது?" என்றார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சன்னல் விளிம்பில் நோட்டு விரிந்தது. மாமாவின் வாதம் இதுதான்: கல்லில் மூன்று வரிகள் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில் முடிகின்றன. வேலிக்கல்லைப் போலவே இதுவும் ஒரு சொல். இந்தப் பாறையைச் செதுக்கிய ஆட்கள் தங்கள் பெயர்களை எழுதி, 'செய்தது' என்று முடித்திருக்கிறார்கள்.

எழுத்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அரங்க வாசலில் கையெழுத்துக்காகப் புத்தகங்களோடு ஒரு வரிசை நின்றது. அதன் முனையில் நின்ற அம்மா, என்னைப் பார்த்துக் கண்ணாலேயே என்னவென்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இதெல்லாம் நீங்களே பாத்து வரைஞ்சதா?"

"ஆமா மேடம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு."

இன்னும் சில பக்கங்கள். பிறகு எழுத்தாளர் விரலை ஓவியத்தின் ஓரத்தில் வைத்தார். "இது தப்புங்க. வரி இங்க முடியலை. இது கல்லு உடைஞ்ச இடம். இதுக்கு அப்புறம் எத்தனை எழுத்து இருந்துச்சோ, அது வெடியில போயிருச்சு. நீங்க கடைசின்னு நினைக்கிறது நடுவுல இருந்திருக்கலாம்."

மாமா விடவில்லை. மூன்றும் ஒரே மாதிரி இருப்பது எப்படி என்றார். தேய்ந்த கல்லில் எல்லாக் கோடுகளும் ஒன்றைப் போல ஒன்று தெரியும் என்றார் அவர். மாமா வேறொரு பக்கத்தைக் காட்டினார். அதுவும் ஏன் சரிவராது என்று எழுத்தாளர் விளக்கினார். வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். மாமா தன் படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டு உரக்கச் சிரித்தார்.

"எட்ஜைப் பாத்தே கட் பண்ணதா உடைஞ்சதான்னு சொல்றவன் மேடம் நான். இதைப் பாக்காம விட்டுட்டேனே!"

அன்று சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். மாமா எனக்கு வயிற்றுக்கு நல்லது என்று தயிர் சாதம் வாங்கிக்கொடுத்தார். நான் அதை மிச்சமில்லாமல் தின்றேன்.

"என்னடா சொன்னாங்க?" என்றார் அம்மா.

"தப்புன்னுட்டாங்கக்கா!" மாமாவின் முகம் பளபளவென்றிருந்தது. "எங்க தப்பு, ஏன் தப்புன்னு ஒண்ணொண்ணா சொன்னாங்க. இனிமே முதல்லேர்ந்து பாக்கணும்."

எனக்குப் புரியவில்லை. என் கணக்குப் பயிற்சியில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் நான் அந்தப் பக்கத்தை மறைப்பேன். தோற்றுப்போனதை மறைக்க மாமா சிரிக்கிறார், பாவம் என்று முடிவு செய்தேன். அவர் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சொன்னார். நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி, கூட்டத்துக்குள் வேகமாக நடந்துபோனார்.

வீட்டுக்குப் போகும் பொங்கோல் ரயிலில் அம்மாவும் நானும் மட்டும். வெகுநேரம் அடக்கிவைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தாம்மா அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

அம்மா திட்டவில்லை. "அவன் நோட்டைப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"பாத்தாங்க. எல்லாப் பக்கமும்."

"எல்லாப் பக்கமுமா?"

அம்மாவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. வரிசையைக் காக்கவைத்துவிட்டோம் என்ற கோபம் என்று நினைத்தேன். அவருடைய உதடு நடுங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டது. எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும் என்று, அவர் மடியில் கை வைத்துச் சொன்னேன்: "இல்லம்மா, சும்மா ரெண்டு பக்கம்தான் பாத்தாங்க."