அண்ணனின் காலைப் பற்றி நான் சொல்லாதது

என் மகன் முருகனின் இதயம் ஆபரேஷன் மேஜையில் நின்று போனது என் பொய்யால்தான். படவேட்டம்மனை நம்பும் உங்களிடம் இதை மறைத்தால் நான் நன்றி கெட்டவள்.

தொண்ணூற்றெட்டு, ஆடி மாதம். ஆரணியில் நாங்கள் பட்டு நெய்கிற குடும்பம். முருகனுக்கு ஏழு வயது. கெண்டைக்கால் இரண்டும் திரண்டிருக்கும். "இன்னா காலு பாரு, தறி மிதிக்கவே பொறந்தவன்" என்று என் கணவர் பூரித்துப் போவார். நான் அந்தக் கால்களைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். என் அண்ணனுக்கும் அதே கால். அவனும் முருகனைப் போலவே அடிக்கடி விழுந்தான், தொடையில் கையூன்றி எழுந்தான். பதினாறு வயதில் படுக்கையிலேயே போய்விட்டான். தறியில் உட்கார வலுவில்லாத வம்சம் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் பெண் எடுக்க மாட்டார்கள். அவன் ஜுரத்தில் இறந்ததாகச் சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்த ஆடியில் முருகனுக்குக் குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது கை கால் பலவீனம் உண்டாம்மா?" பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். "இல்லீங்க" என்றேன்.

சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள். இதயம் நின்றுவிட்டது, நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். தரையில் விழுந்தேன். தாயே, என்னை எடுத்துக்கொள், பிள்ளையைக் கொடு என்று கதறினேன். அழுகை அடங்குவதற்குள் அந்த டாக்டரே வந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். அவரைக் கேட்கவைத்தவள் அம்மன்தான். கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எங்க அண்ணனுக்கும் இதே காலுதாங்க. நடக்க முடியாமப் போயித்தான் செத்தான்."

டாக்டர் உள்ளே ஓடினார். தசையைத் தளர்த்தப் போடும் ஊசி, தசை வீங்கி வலுவிழக்கும் இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடுமாம். அதற்கு மருந்து ஏற்றினார்கள். நின்ற இதயம் துடித்தது.

கணவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. முருகன் பத்து வயதில் நடையை விட்டான். இரண்டாயிரத்து ஏழில் என் மடியில் போனான். அந்த ஒன்பது வருடமும் அம்மன் எனக்குப் போட்ட பிச்சை.

மறுவருடம் முருகனுக்கு மூத்தவளான என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் நோய் இது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனையும் முருகனையும் பற்றி நானே சொன்னேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். வாசல்வரை போய்த் திரும்பிய கணவர், "நீ சொன்னதுதான் சரி. இன்னொரு புள்ள இப்படி சாவ வேணாம்" என்றார்.

அம்மனை நம்பிக் கேளுங்கள், கொடுப்பாள். ஆனால் டாக்டர் கேட்கிறபோது வாயை மூடிக்கொண்டு அவளை மட்டும் கூப்பிடாதீர்கள்.