எல்லாரும் தக்காளி என்றுதான் சொல்வார்களாம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு செத்துப்போன தங்கச்சியினுடையது. படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். தோட்டத்தில் பிழை விடாதவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதைப் பற்றித்தான் எழுதவேண்டி வந்துவிட்டது.

சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். குசினியில் எந்தச் சட்டி எங்கே இருக்கவேணும் என்பது மகளின் சொல். டீவியில் என்ன ஓடவேணும் என்பது மருமகனின் சொல். நடந்து போகிற தூரத்தில் ஒரு பொதுத் தோட்டம். பலகை அடித்து, கடை மண்ணை மூட்டை மூட்டையாகக் கொட்டி, ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் என் சொல் கேட்கிற இடம் அந்த ஒரு பாத்திதான்.

பக்கத்துப் பாத்தி மதுரைக்காரி ஒருத்தியுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த முதல் நாளே, "தக்காளி நடத் தெரியாட்டி என்னைக் கேளும் பிள்ளை" என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன்.

போன கோடையில், இங்கே கோடை வருகிறது மார்கழியில், என் தக்காளி நன்றாகக் காய்த்தது. காய் பழுக்க முன்னம் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரிக் காய்ந்து, உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது. ஒன்றில்லை, எல்லாம். எனக்கு வெட்கம். வெள்ளெனவே போய், ஆட்கள் வர முன்னம் கறுத்த காய்களைப் பிடுங்கி, பாத்தி மூலையில் கிடங்கு கிண்டி, குழிக்குள் போட்டுத் தாட்டேன். ஒவ்வொரு நாளும் இதுதான் வேலை.

கிறிஸ்மஸுக்கு முந்தித் தோட்டக் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. பேத்தி வாசித்துச் சொன்னாள்: "அம்மம்மா, உங்கட பாத்தியில ஒண்டும் காய்க்கிறேல்லையாம். பொங்கல் கழிச்சு வந்து பாப்பினமாம். அப்பவும் வெறுமையா இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிற ஆளுக்குக் குடுத்திடுவினமாம்."

நான் கிண்டின கிடங்கில் நானே விழுந்தேன்.

மறுநாள் மதுரைக்காரி ஒரு கறுத்த காயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த மூலைல என்ன புதையலா? குப்பைத் தொட்டியைக் கிளறுமே, அந்த நீள மூக்குப் பறவை தோண்டித் தோண்டி என் பாத்தில போட்டுட்டுப் போகுது."

நான் காலால் மூலை மண்ணை இழுத்து மூடினேன்.

"எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"சிரிச்சுத்தான் இருப்பன்" என்றேன். பொய் சொல்லி என்ன?

செடிக்குச் சத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறதாம் என்று அவளே என்னைப் பஸ்ஸில் ஏற்றி செவன் ஹில்ஸுக்குக் கூட்டிப்போனாள். தொழிற்சாலைகளுக்கு நடுவே யன்னல் இல்லாத ஒரு கடை. உள்ளே கண் கூசுகிற விளக்குகள், காற்றாடிகள், சுவர் நிறையப் போத்தில்கள். கழுத்துவரை பச்சை குத்தின ஒரு பெரிய மனுசன் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "டொமாட்டோ" என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"இங்க வர்ற எல்லாரும் தக்காளின்னுதான் சொல்வாங்களாம்" என்றாள் மதுரைக்காரி.

"எல்லாரும் வளர்த்தா கடையில ஏன் இந்த விலை விக்குது எண்டு கேளும்."

கைப்பையிலிருந்து ஒரு கறுத்த காயையும் ஒரு கீழிலையையும் எடுத்து மேசையில் வைத்தேன். இலையில் நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவெல்லாம் மஞ்சள். அவன் சிரிப்பு நின்றது. "உண்மையாவே தக்காளியா!" என்று அதிசயப்பட்டான்.

பிறகு பொறுமையாகச் சொன்னான். காயின் அடி கறுக்கிறது கல்சியம் போய்ச் சேராமல். இலை மஞ்சளாகிறது மக்னீசியம் இல்லாமல். மூட்டை மண்ணில் அது கொஞ்சம், சிட்னித் தண்ணீரிலோ அதைவிடக் கொஞ்சம். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி மூன்று நாள் காயவிட்டால் இருக்கிற கல்சியமும் காய்க்குப் போகாதாம்.

தண்ணீர் என்றதும்தான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலுக்குள் வெள்ளை ஓடாகச் சுண்ணாம்பு படியும். புளி போட்டுக் கொதிக்க வைத்துத்தான் சுரண்டவேணும். இங்கே பதினொரு வருசமாக என் கேத்தில் உள்ளே பளபளவென்று இருக்கிறது. என் துப்புரவு என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அங்கே தக்காளிக்குச் சுண்ணாம்பு ஊட்டினது கிணறு. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினது நான்.

இரண்டு சத்தும் கலந்த போத்தில் ஒன்று வாங்கினோம். வீட்டில் பேத்தி அதைக் கண்டுவிட்டு, "அம்மம்மா! சீரியஸ்லி? இது கஞ்சா வளக்கிற ஆக்கள் போற கடை!" என்று கத்தினாள்.

"கஞ்சாவுக்கும் தக்காளிக்கும் பசி ஒண்டுதான் குஞ்சு" என்றேன். மகள் போத்திலை அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

கிழமைக்கு ஒரு தரம் போத்தில் மூடியால் அளந்து வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். மற்ற நாளெல்லாம் காலையில் அளவான தண்ணீர். கறுத்த காய் திருந்தவில்லை, அதுகள் போனது போனதுதான். மஞ்சளான இலையும் அப்படியே நின்றது. பிறகு வந்த இலை பச்சையாக வந்தது, பிறகு பிடித்த காய்க்கு அடி கறுக்காமல் இருந்தது. குனிந்து குனிந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பேன்.

பொங்கல் கழிந்து கமிட்டிக்காரர் வந்தார். காயை எண்ணினார். முன்னம் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டார். மதுரைக்காரி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பாள். நான் மண்வெட்டியை எடுத்துக் கிடங்கைக் கிண்டிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னுடையதும் கறுக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். பாத்தி எனக்குத்தான் என்று எழுதிக்கொண்டார். பிறகு, இதை எழுதித் தாருங்கள், தோட்டத்து வாசல் பலகையில் ஒட்டுவோம், மற்றவர்களும் ஒளிக்காமல் இருப்பார்கள் என்றார்.

எழுதிவிட்டேன். பேத்தி இதை இங்கிலீசில் மாற்றவேணும். அதற்கு முதல் குஞ்சு, நீ சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் இதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு. மதுரைக்காரியும் தேத்தண்ணி குடிக்க வந்திருக்கிறாள், சத்தமாக வாசி. கிடங்கு கிண்டின இடத்தை விழுங்கிப்போடாதே.