பரியத்தைத் திருப்பிக் கொடுத்தும் தீராத கல்யாணம்

எங்கள் ஊர் செந்துறை பக்கம். எங்கள் வகையறாவில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியப் பணம் தருவார்கள். ஒத்துவராவிட்டால் அதை ஊர்க் கூட்டத்தில் திருப்பிக் கொடுத்து, உறவை அத்துவிடுவது வழக்கம். குடித்துவிட்டு அடித்த கணவனிடமிருந்து என் தங்கையை அப்படித்தான் மீட்டோம். எழுதி எதுவும் வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஜெயங்கொண்டத்தில் அவளுக்கு மறுமணம் நிச்சயமானது. பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு பழைய கணவன் போன் செய்தான்.

"மச்சான், எம் பொண்டாட்டிக்குக் கல்யாணமாமே? எனக்குப் பத்திரிகை கெடையாதா?" என்று சிரித்தான். போலீசுக்குப் போவேன் என்றான்.

அரியலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "வழக்கப்படி அத்துவிட்டது செல்லும்ங்க. ஆனா அந்த வழக்கத்தையும், அன்னைக்கு நடந்ததையும் நிரூபிக்கணும். சாட்சி இல்லாம தாலி ஏறுனா, புருஷன் இருக்கப்பவே ரெண்டாங் கல்யாணம்னு உங்க தங்கச்சி மேலயே கேஸ் வரும்" என்றார்.

கூட்டத்தை நடத்திய நாட்டாமையிடம் ஓடினேன். "பணத்த அவன் கையில குடுத்ததே நான்தான்டா. அதுக்காக என்னையக் கூண்டுல ஏத்திப்புடாத" என்று உள்ளே போய்விட்டார். கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் சாட்சிக்கு வரவில்லை.

நான்கு நாள் இருக்கையில் கல்யாணத்தை நிறுத்தினோம்.

"அப்ப நான் இன்னும் அவன் பொண்டாட்டிதானாண்ணே?" என்று கேட்டாள் தங்கை. விவாகரத்து வழக்கு நடக்கிறது. மாப்பிள்ளை காத்திருப்பதாகச் சொல்கிறார்; அவர் வீட்டார் வேறு பெண் பார்க்கிறார்கள்.

இப்போது ஊரில் அத்துவிடக் கூட்டம் போட்டால், கூப்பிடாமலே போய் உட்கார்கிறேன். பணம் கைமாறும் முன் கோர்ட்டில் விவாகரத்து மனுப் போடச் சொல்கிறேன்.

"வந்துட்டாருய்யா வக்கீலு" என்று சிரிக்கிறார்கள். நான் எழுந்து போவதில்லை.