ஆறாம் எண் போட்ட பாடம்

அந்தக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. திருப்புளி என்றால்தான் தெரியும். பத்து வயதில், கீழ்வீட்டுத் தையல்காரரின் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டு, அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போதே திரும்ப மாட்டிச் சூடேற்றிக் காட்டியவள். கழற்றிய திருகாணிகளை ஒரு துணியில் வரிசையாக அடுக்கி வைப்பாள். மாட்டி முடித்தபின் ஒன்று மிச்சமிருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவளுக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பார்சல் கிடங்கில் வண்டிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருந்தாள். ஏழு வருடத்தில் அவள் ஏற்றிய பெட்டி ஒன்றுகூட இடம் மாறியதில்லை. அம்மாவுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை என்பதால், வீட்டிலிருந்து வெளியே போகிற காகிதமெல்லாம் அக்கா கைப்படத்தான் போகும். முதலில் பென்சிலில் எழுதுவாள், அதன்மேல் பேனா, மை காய்ந்த பிறகு ரப்பர்.

பதினோராம் வகுப்பில் பொதுப் பாடங்களோடு விருப்பப் பாடமாக ஓர் அறிவியலும் எடுக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ், வானியல், உணவு வேதியியல், தாவர நோய்கள், பாறையியல், கடல் உயிரியல் என்று ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். விருப்ப வரிசைப்படி எண் இடச் சொல்லியிருந்தது படிவம்.

"எலக்ட்ரானிக்ஸ்தான் முதல்லக்கா. கடல் கட்டக் கடைசி. நடுவுல எது வேணா போட்டுக்கோ."

கடல் உயிரியல் அறையில் நண்டும் கணவாயும் கண்ணாடி ஜாடிகளில் ஊறிக் கிடக்கும். அந்த ஜன்னல் பக்கம் போனாலே திருப்புளிக்குக் குமட்டும்.

அக்கா எண்களைப் போட்டுக் கொடுத்தாள். திருப்புளி பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அக்கா எழுதியதைச் சரிபார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் பெயர் கடல் உயிரியலில் இருந்தது. பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அம்மாள் படிவத்தை எடுத்துக் காட்டினாள். எலக்ட்ரானிக்ஸுக்கு ஆறு. கடலுக்கு ஒன்று.

"நீ கேட்டதத்தானம்மா குடுத்திருக்கோம். எவ்ளோ அழகா ஒண்ணு போட்டிருக்க, அச்சடிச்ச மாதிரி!"

திருப்புளிக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. கிடங்கில் ஒன்றாம் எண் பெட்டி முதலில் ஏறும்; வண்டியின் அடியாழத்துக்குப் போய்விடும்; கடைசியில்தான் இறங்கும். யாருக்கு முதலில் போய்ச் சேரவேண்டுமோ அந்தப் பெட்டிக்குத்தான் பெரிய எண். அக்கா தங்கையின் எலக்ட்ரானிக்ஸைக் கதவோரமாக வைத்து அனுப்பியிருந்தாள்.

"எலக்ட்ரானிக்ஸ்ல ஒரே ஒரு இடம் இருக்கு. மாத்தணும்னா இந்தத் தாள்ல காரணம் எழுதி, வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா. ரெண்டு வாரம் டைம்" என்றாள் அம்மாள்.

தாள் புத்தகத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்கா முகம் பூரித்திருந்தது.

"கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி, என் தங்கச்சி எலக்ட்ரானிக்ஸ் படிக்கப்போறான்னு. டிரைவர் அண்ணன் அவர் ரேடியோவ உனக்காகவே எடுத்து வெச்சிருக்காராம். கிளாஸ் ஆரம்பிச்சாச்சா?"

"ம்" என்றாள் திருப்புளி.

இரண்டு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு கணவாயின் எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி விடவில்லை. "இதுக்கு மூணு இதயமாம். உனக்கு ஒண்ணுகூட இல்லியா? பாவம், ஒரு தடவையாவது திரும்பிப் பாரேன்!"

சொன்னால் பாடம் கிடைக்கும், ஆனால் அக்கா முகம் செத்துவிடும். சொல்லாவிட்டால் வருடம் முழுக்க ஜாடி. வெள்ளிக்கிழமை கெடு. வியாழன் சாயங்காலம் ஒரு வழி கண்டுபிடித்தாள். காரணம் என்ற இடத்தில், 'படிவத்தை நான் கவனமில்லாமல் நிரப்பிவிட்டேன்' என்று எழுதி, அக்கா டீ குடிக்கும்போது நீட்டினாள்.

"சும்மா ஒரு கையெழுத்துக்கா."

கரண்டு பில்லையே இரண்டு முறை படிக்கிறவள் அக்கா. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ எங்கடி நிரப்பின? நான்ல நிரப்பினேன்?"

திருப்புளி தாளைத் திரும்ப இழுக்கப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

"எலக்ட்ரானிக்ஸுக்கு ஆறுதான போட்டேன்?"

"ஆமாக்கா."

அக்கா விரல்விட்டு ஒன்றிலிருந்து ஆறுவரை எண்ணினாள். "அவங்க ஒண்ணுலேருந்தா எடுப்பாங்க?"

"ஊரே ஒண்ணுலேருந்துதான்க்கா எடுக்கும்."

சிரிப்பதா அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அக்காவின் காது மடல்கள் சிவந்துபோயின.

"ஏன்டி ரெண்டு வாரமா சொல்லல?"

"நீ கிடங்கு முழுக்கச் சொல்லி வெச்சிருந்த. உன் கையால தப்பே வராதுன்னு வேற பேரு..."

"என் பேருக்காக நீ நண்டு பாத்துட்டு உக்காந்திருந்தியா? லூசு! வண்டி தெருமுனை தாண்டினாக்கூட, தப்புன்னு தெரிஞ்சா நிறுத்தி இறக்குவோம்டி. பேனாவக் குடு."

ஸ்கேல் வைத்துத் தங்கை எழுதியதன்மேல் ஒரு கோடு கிழித்தாள். கீழே முதலில் பென்சிலில், பிறகு பேனாவில் எழுதினாள்: 'எண்கள் போட்டது நான். வண்டியில் சரக்கு ஏற்றுகிற வரிசையில் போட்டுவிட்டேன். ஆறு என்றால் முதலில் வேண்டும் என்று பொருள். என் தங்கைமேல் தவறில்லை.' கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை யாரையும் தாளைத் தொட விடவில்லை.

மறுநாள் காலை அலுவலக அம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"இருபது வருஷமா இந்த ஃபாரத்தக் குடுக்கறோம், ஒண்ணுன்னா எதுன்னு அதுல எழுதவே இல்ல பாருங்க" என்றார்.

அம்மாள் முத்திரை குத்தினாள். "மாடியில மூணாவது ரூம். ஓடு, பெல் அடிக்கப்போகுது."

எலக்ட்ரானிக்ஸ் அறையில் பின்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்ததும், விட்டுப்போன இரண்டு வாரப் பாடத்தை எழுதிக்கொள்ளப் பக்கத்திலிருந்தவளிடம் நோட்டுக் கேட்டாள்.