தடுக்கப்பட்ட சொல்

அலுவலகத்தில் அவருக்கு வடிகட்டி என்று பெயர். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து கவனிப்பதும், ஆகாத சொற்களைத் தேடவிடாமல் அடைப்பதும் அவர் வேலை. வேலை நேரத்தில் சினிமா பார்த்த சொந்த மச்சானையே மாட்டிவிட்டவர். அவன் இன்றும் வீட்டுக்கு வந்தால், "மாமா, தண்ணி குடிக்கலாமா, அதையும் அடைச்சிட்டீங்களா?" என்பான்.

போன வாரம் கணக்குப் பிரிவு அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணு தேடணும். கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது."

"என்னக்கா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "மார்புல கட்டி. வீட்டுல போன் பசங்க கையிலதான் இருக்கு. பார்த்தா பயந்துடுவாங்க."

அதில் 'மார்பு' என்ற சொல்லை அடைத்தவர் அவர்தான். திறக்க வேண்டுமானால் மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய காரணமா? தன் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டார். அவர் கணக்குக்குத் தடை கிடையாது. ஆனால் தேடுவதெல்லாம் பதிவாகும். அந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கே அப்போது அது நினைவில் இல்லை.

இன்று மேலாளர் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, திரையை அவர் பக்கம் திருப்பினார். அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும் என்று, தடுக்கப்பட்ட சொல் மட்டும் தெரியும்படி செய்திருந்ததும் அவரே. அவர் பெயருக்கு நேரே அந்த ஒரே சொல் வரிசையாக நின்றது.

"ஊரையே மேய்க்கிற ஆளு நீங்க. என்னய்யா இது? வேற யாருக்காவது பாஸ்வேர்டு கொடுத்தீங்களா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"சரி, முழுசா என்னதான் தேடியிருக்கீங்கன்னு பார்த்துடுவோம்." மேலாளரின் கை மவுஸுக்குப் போனது.

முழு வரிகள் அவருக்குத் தெரியும். அவற்றில் ஒன்று, 'மார்புக் கட்டி, பிள்ளைகளிடம் அம்மா எப்படிச் சொல்வது.' அதைப் படித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் அக்காவின் உடம்பு மேசைக்கு மேசை பேச்சாகும்.

"திறக்க வேணாம் சார். நான்தான்."

"என்னது?"

"நான்தான் பார்த்தேன்."

மேலாளர் மவுஸைத் தொட்டால் தீட்டு என்பதுபோல் கையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? சாயங்காலம் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க."

காது கொதிக்கத் தன் அறைக்கு வந்தார். முழு வரிகளை அழித்தார். தடைகளுக்குள் போய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். பிறகு தன் கடவுச்சொல்லை மாற்றினார்.

சற்று நேரத்தில் அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, உன் பாஸ்வேர்டு எடுக்கலையே."

"இனிமே அது வேணாம்க்கா. உங்க பேர்லயே தேடுங்க, விடும்."